லாரியின் முதுகில் ஒரு சதுரம்

நெடுஞ்சாலையில் நமக்கு முன்னே செல்லும் டேங்கர் லாரியின் பின்புறத்தை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ஹாரன் அடிக்கச் சொல்லும் வாசகம், ஓட்டுநரின் பிள்ளைகளின் பெயர்கள், கண்ணேறு படாமலிருக்கத் தொங்கவிட்ட எலுமிச்சையும் மிளகாயும், இவற்றுக்கிடையே முனையில் நிறுத்தி வைத்தது போன்ற ஒரு சதுரமும் சில எண்களும் இருக்கும். மற்றவற்றையெல்லாம் வாசித்துவிட்டு அந்தச் சதுரத்தை மட்டும் கடந்துவிடுவது நம் வழக்கம். இக்கட்டுரைக்காகச் செய்திகளைத் திரட்டத் தொடங்கும் வரை நாங்களும் அவ்வாறே கடந்து சென்றவர்கள்தாம்.

நம் வங்கியில் கடன் பெற்று டேங்கர் லாரி வாங்கியிருக்கும் வாடிக்கையாளர்கள் பலர். அமிலமோ கரைப்பானோ தயாரித்து வெளியூருக்கு அனுப்பும் சிறு தொழிலகத்தார் அவர்களைவிடப் பலர். அந்த லாரிகளின் பின்னால் காரிலும் பேருந்திலும் இருசக்கர வாகனத்திலும் செல்பவர்களோ நாம் அனைவரும். ஆகவே இது ஒரு சாராருக்கு மட்டும் உரிய செய்தி என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் தேதி இரவு, ஓணத்திற்கு இரண்டு நாள் முன்பு, கேரளத்தின் கண்ணூரை அடுத்த சாலா என்னும் ஊரில் சமையல் எரிவாயு ஏற்றிவந்த டேங்கர் லாரி ஒன்று சாலைத் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. கவிழ்ந்தவுடன் வெடித்துவிடவில்லை. முதலில் வாயு கசிந்தது. கசிந்த வாயு வெண்புகை போலத் தரையோடு தரையாகப் பரவி, சாலையோர வீடுகளின் முற்றங்களுக்குள் நுழைந்தது. அதன் பிறகே தீப்பற்றியது. 20 பேர் உயிரிழந்தனர். வீடுகளும் கடைகளும் எரிந்தன.

கவிழ்தலுக்கும் தீப்பற்றுதலுக்கும் இடையே கிடைத்த அந்தச் சில நிமிடங்களைப் பற்றியதே இக்கட்டுரை. அபாய அறிவிப்புப் பலகை எந்த விபத்தையும் தடுப்பதில்லை. தடுப்புச்சுவரில் மோதவிருக்கும் லாரியை அது நிறுத்தாது. உறக்கம் தழுவும் ஓட்டுநரை எழுப்பாது. விபத்து நேர்ந்த பின்பு, முதலில் வந்து சேரும் மனிதருக்கு உள்ளே இருப்பது என்ன என்பதைச் சொல்வது மட்டுமே அதன் வேலை. பெரும்பாலும் அந்த முதல் மனிதர் தீயணைப்பு வீரர் அல்லர். தேநீர்க் கடைக்காரரோ, பின்னால் வந்த பேருந்தின் நடத்துநரோ, வேடிக்கை பார்க்க ஓடிவரும் சிறுவனோதான்.

பலகை சொல்வது என்ன?

அபாயகரமான பொருள்களைச் சாலைவழி கொண்டுசெல்வதற்கான நெறிமுறைகள் நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இடம்பெற்றுள்ளன. 129 முதல் 137 வரையிலான விதிகள் இதற்கென்றே வகுக்கப்பட்டவை. இவற்றுள் 134-ஆம் விதி அவசரகாலத் தகவல் பலகையைப் பற்றியது. வாகனத்தில் மூன்று இடங்களில் இப்பலகை இருத்தல் வேண்டும். ஏற்றிச்செல்லும் பொருளின் சரியான தொழில்நுட்பப் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரமுள்ள எழுத்துகளில் இருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் அமைப்பின் எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும். ஆபத்தின் வகையைக் காட்டும் சதுர வில்லை ஒவ்வொரு பக்கமும் 250 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தீயோ வேறு விபத்தோ நேர்ந்தால் அழைக்க வேண்டிய அவசரப் பணியின் தொலைபேசி எண்ணும், அப்பொருளைப் பற்றி நிபுணத்துவத்துடன் பேசக்கூடியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதப்பட வேண்டும்.

இந்த அளவுகள் ஏதோ ஓர் அலுவலகத்தின் பிடிவாதம் என்று எண்ணிவிடலாகாது. நச்சு வாயு கசியும் வாகனத்தின் அருகே சென்று, குனிந்து, பலகையைத் துடைத்து வாசித்துவிட்டுத் திரும்பி வருபவர் பிழைத்திருப்பார் என்பதற்கு உறுதியில்லை. தொலைவிலிருந்தே வாசிக்க இயல வேண்டும் என்பதே மில்லிமீட்டர் கணக்கின் பொருள்.

சதுர வில்லைதான் எழுத்தறியாதவருக்கும் பேசும் பகுதி. ஐக்கிய நாடுகள் அமைப்பின் வகைப்பாட்டில் அபாயப் பொருள்கள் ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வில்லையின் கீழ்முனையில் உள்ள எண் அந்த வகுப்பைக் குறிக்கும். செந்நிறப் பின்னணியில் தீச்சுடர் இருந்து, கீழே 3 என்று இருந்தால் அது பெட்ரோலைப் போன்று எரியும் திரவம். அதே செந்நிறச் சுடருடன் 2 இருந்தால் எரியும் வாயு. வெண்மைப் பின்னணியில் மண்டையோடு இருந்தால் நஞ்சு. மஞ்சள் நிறத்தில் வட்டத்தின் மீது சுடர் எரிந்தால், அப்பொருள் தானே எரிவதைவிடப் பிற பொருள்களை மூர்க்கமாக எரியச்செய்யும் இயல்புடையது. மேற்பாதி வெண்மை, கீழ்ப்பாதி கருமை, அதன்மேல் ஒரு கையின் மீதும் ஓர் உலோகத் துண்டின் மீதும் திரவம் சொட்டும் படம் இருந்தால் அரிக்கும் பொருள், வகுப்பு 8. நீல நிறத்தில் சுடர் இருந்தால் சற்றுக் கூடுதலாக அஞ்ச வேண்டும். நீர் பட்டால் எரியும் வாயுவை வெளியிடும் பொருள் அது. குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் நம் ஊர் மக்களின் நல்லெண்ணமே அங்கே கேடாக முடியும்.

வகுப்பு எண் குடும்பப் பெயர் என்றால், நான்கு இலக்க ஐ.நா. எண் ஆளின் பெயர். பெட்ரோலுக்கு 1203, டீசலுக்கு 1202, மண்ணெண்ணெய்க்கு 1223. சமையல் எரிவாயு டேங்கர்களில் 1075 என்று காணலாம். குடிநீரைத் தூய்மைப்படுத்தப் பயன்படும் குளோரின் 1017. குளிர்சாதனக் கிடங்குகளுக்கும் உரத் தொழிற்சாலைகளுக்கும் செல்லும் நீரற்ற அம்மோனியா 1005. கந்தக அமிலம் 1830. உலகில் எந்த நாட்டுச் சாலையிலும் இந்த எண்கள் மாறுவதில்லை. பொருளின் வணிகப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஓட்டுநர் பேசும் மொழி மாநிலத்திற்கு மாநிலம் மாறும். குஜராத்தில் ஏற்றிய சரக்கு ஒடிசாவில் கவிழ்ந்தாலும், 1017 என்ற எண்ணைத் தொலைபேசியில் சொன்னால் மறுமுனையில் இருப்பவருக்கு அது குளோரின்தான்.

பல பலகைகளில் இன்னொரு குறியீட்டையும் காணலாம்: ஓர் எண்ணும் ஓரிரு எழுத்துகளும். ஹாஸ்கெம் எனப்படும் இக்குறியீடு 1970-களில் லண்டன் தீயணைப்புப் படையினரால் உருவாக்கப்பட்டது. தீயணைப்பு வீரர் வண்டியிலிருந்து இறங்குவதற்குள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுவது இதன் நோக்கம். முன்னுள்ள எண் எதைக் கொண்டு அணைப்பது என்பதைக் கூறும்: 2 என்றால் நுண்ணிய நீர்த்தூவல், 3 என்றால் நுரை, 4 என்றால் நீர் கலவாத உலர்பொருள். அடுத்து வரும் எழுத்து, கசிந்ததை நீர் ஊற்றிக் கழுவிவிடலாமா அல்லது சாக்கடைக்குச் செல்லாமல் தடுத்து நிறுத்த வேண்டுமா என்பதையும், வீரர் அணிய வேண்டிய பாதுகாப்பு உடையையும் உணர்த்தும். இறுதியில் ஆங்கில எழுத்து 'ஈ' இருந்தால், சுற்றியுள்ள மக்களை வெளியேற்றுவது பற்றிச் சிந்திக்க வேண்டும் என்று பொருள். பொதுமக்கள் மற்ற எதையும் நினைவில் கொள்ளாவிட்டாலும் அந்தக் கடைசி எழுத்தை நினைவில் கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து.

அங்கலேஸ்வர் அருகே ஒரு மாலை

விதிகளைப் படித்து முடித்த பின், அவை சாலையில் எவ்வாறு இருக்கின்றன என்று பார்க்க விரும்பினோம். குஜராத் மாநிலம் பரூச் மாவட்டத்தில், மும்பையையும் அகமதாபாத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், அங்கலேஸ்வர் அருகே உள்ள ஒரு தாபாவில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் அமர்ந்திருந்தோம். வேதியியல் தொழிற்சாலைகள் நெருங்கியுள்ள பகுதி அது. ஒருபுறம் தஹேஜ் துறைமுகம், மறுபுறம் வாபி வரை நீளும் தொழிற்பேட்டைகள். தாபாவின் முன்னிருந்த மண் திடலில் டேங்கர்கள் வந்து நிற்பதும் கிளம்புவதுமாக இருந்தன.

எங்கள் குறிப்பேட்டில் அன்று பதிந்தவை பெருமைப்படத்தக்கவை அல்ல என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். சில வாகனங்களில் பலகை புத்தம் புதியதாக, ஒளியை எதிரொலிக்கும் தாளில் அச்சிடப்பட்டு, கண்ணைப் பறித்தது. வேறு சிலவற்றில் சேறு படிந்து எண்களே மறைந்திருந்தன. ஒன்றில் பலகையின் மேல் உதிரிச் சக்கரத்தைக் கட்டியிருந்தார்கள். இன்னொன்றில் வில்லையின் செந்நிறம் வெயிலில் வெளிறி வெண்மையாகிவிட்டிருந்தது. எரியும் பொருளுக்கும் எரியாத பொருளுக்கும் வேறுபாடு காண இயலாத வெண்மை. ஆனால் அதே லாரியின் எலுமிச்சை மட்டும் அன்று காலை மாற்றியது போல் பசுமையாக இருந்தது.

எங்களை மிகவும் கலங்கச் செய்தது சுத்தமான பலகையுடன் நின்ற ஒரு வாகனம். பலகை கந்தக அமிலம் என்றது. 1830 என்ற எண்ணும் தெளிவாக இருந்தது. பேச்சுவாக்கில் சரக்கைப் பற்றிக் கேட்டபோது, ஏற்றியிருப்பது காஸ்டிக் சோடா கரைசல் என்றார் ஓட்டுநர். சென்ற நடையில்தான் அமிலமாம். பலகையை மாற்ற மறந்துவிட்டதாம். "இரண்டும் எட்டாம் வகுப்புதானே, சாப்?" என்று சிரித்தார்.

வகுப்பு ஒன்றுதான். ஆனால் ஒன்று அமிலம், மற்றொன்று அதற்கு நேர் எதிரான காரம். அமிலக் கசிவு என்று நம்பி அதைச் சமன்செய்யும் பொருளை வாரி இறைத்தால் இங்கே எப்பயனும் விளையாது. இரண்டும் ஒன்றுகலக்க நேர்ந்தால் எழும் வெப்பமே ஆளைச் சுட்டுவிடும். கண்ணில் தெறித்தவருக்கு முதலுதவி செய்யும் மருத்துவரும் பலகையை நம்பித்தான் தொடங்குவார். பலகையே இல்லாத வாகனத்தை அணுகுபவர் எச்சரிக்கையாகவாவது அணுகுவார்; பொய்ப்பலகை உள்ள வாகனத்தை அணுகுபவர் நம்பிக்கையுடன் அணுகுகிறார். இரண்டில் எது தீது என்று எங்களைக் கேட்டால் பின்னதையே சொல்வோம்.

சரக்கை இறக்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்ற எண்ணமும் பரவலாக இருப்பதை அங்கே கண்டோம். பெட்ரோலை இறக்கிய டேங்கரில் திரவம் இல்லை, ஆவி இருக்கிறது. நிறைந்த தொட்டியில் காற்றுக்கு இடமில்லை, காலித் தொட்டியில் காற்றும் ஆவியும் கலந்து நிற்கின்றன. பட்டறையில் வெல்டிங் வைக்கும்போது காலி டேங்கர் வெடிப்பதன் காரணம் இதுவே. ஆகவே தொட்டியைக் கழுவி, ஆவி நீக்கிச் சான்று பெறும் வரை பலகை இருந்தாக வேண்டும்; அதன் பின்பு அது அகற்றப்பட்டாகவும் வேண்டும்.

அன்று நாங்கள் கண்டவர்களுள் ஒருவர் மட்டும் வேறுவகையாக இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய ஓட்டுநர். லாரியை நிறுத்தியதும் முகம் கழுவினார். முகத்தைத் துடைத்த துண்டை நனைத்துப் பிழிந்து, வண்டியைச் சுற்றி வந்து மூன்று பலகைகளையும் துடைத்தார். அதன்பிறகே தேநீருக்கு வந்து அமர்ந்தார். எவரேனும் அறிவுறுத்தினார்களா என்று கேட்டோம். பல ஆண்டுகளுக்கு முன் தம் கண்ணெதிரே ஒரு டேங்கர் கவிழ்ந்ததாகவும், எண்ணைப் படிக்க முடியாமல் தீயணைப்பு வீரர்கள் வெகுதொலைவிலேயே நின்றுவிட்டதாகவும், அதற்குள் உள்ளே சிக்கியிருந்த கிளீனர் இறந்துவிட்டதாகவும் கூறினார். "அவர்கள் மீது தவறில்லை, பாய் சாப். என்னவென்று தெரியாமல் யார் பக்கத்தில் போவார்கள்?" என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

யார் பொறுப்பு?

பலகை மங்கியிருந்தால் நாம் உடனே ஓட்டுநரைக் குறைகூறுகிறோம். சட்டம் அவ்வாறு நோக்கவில்லை. முதற்பொறுப்பு சரக்கு அனுப்புநருடையது. 131-ஆம் விதியின்படி, தாம் ஒப்படைக்கும் பொருள் யாது, அதனால் விளையக்கூடிய ஆபத்து யாது என்பவற்றை அவர் வாகன உரிமையாளருக்கு முழுமையாகத் தெரிவிக்க வேண்டும். அடுத்த விதி உரிமையாளருக்கானது. வாகனம் அச்சரக்கை ஏற்றத் தகுதியுடையதாக இருத்தல், முதலுதவிப் பெட்டி, பாதுகாப்புக் கருவிகள், வேண்டிய நச்சுமுறி மருந்துகள் ஆகியவற்றை வைத்திருத்தல், ஓட்டுநருக்கு எழுத்து வடிவில் தகவல் தருதல் ஆகியவை அவர் கடமை. டிரெம் கார்டு என்று தொழிலில் வழங்கும் அவசரகாலத் தகவல் அட்டையை ஓட்டுநர் தம் கேபினில் எந்நேரமும் கைக்கெட்டும்படி வைத்திருக்க வேண்டும் என்கிறது 133-ஆம் விதி. விபத்து நேர்ந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்திற்கும் உரிமையாளருக்கும் உடனே தெரிவிப்பது அவர் கடமை என்கிறது 136-ஆம் விதி.

ஓட்டுநரின் தகுதியும் வரையறுக்கப்பட்டுள்ளது. 9-ஆம் விதியின்படி, அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள ஏதேனும் ஓர் இந்திய மொழியையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதுடன், மூன்று நாள் பயிற்சி பெற்றுச் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும். அது உரிமத்தில் பதியப்பட வேண்டும். 2019-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்திற்குப் பின் இத்தகைய உரிமம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்; புதுப்பிக்க ஒருநாள் புத்தாக்கப் பயிற்சி பெற வேண்டும்.

இந்த இடத்தில் வங்கிப் பணியில் இருப்பவர்கள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. டேங்கர் வாங்கக் கடன் கேட்டு வருபவர்களிடம் வண்டியின் விலை, வருமானம், ஒப்பந்தக் கடிதம் ஆகியவற்றை நாங்கள் கேட்கிறோம். காப்பீடும் கேட்கிறோம். ஆனால் அந்தக் காப்பீடு உரிய வேளையில் கைகொடுக்குமா என்பது பெரும்பாலும் ஓட்டுநரின் உரிமத்தில் உள்ள ஒரு சிறு பதிவைப் பொறுத்தது. பதிவு இல்லாதவர் ஓட்டிய வாகனம் விபத்துக்குள்ளானால் காப்பீட்டு நிறுவனம் அதையே மறுப்புக்குக் காரணமாக முன்வைப்பது புதிதன்று. அவசரத்திற்கு வேறொரு ஓட்டுநரை ஒரு நடைக்கு மட்டும் அமர்த்திக்கொண்ட உரிமையாளர், பல இலட்சக் கடனையும் இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் ஒருங்கே சுமந்து நீதிமன்றப் படியேறும் நிலை நேரலாம். வாகனக் காப்பீட்டோடு மட்டும் இது முடிவதில்லை. போபால் பேரிடரின் பின்விளைவாக இயற்றப்பட்ட 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், அபாயப் பொருளை வாகனத்தில் கொண்டுசெல்வதையும் 'கையாளுதல்' என்றே கொள்கிறது. விபத்தில் பாதிக்கப்பட்டவர், உரிமையாளரின் தவறை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. துயரீட்டுத் தொகைக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்தால் போதும். தம் சரக்கு இச்சட்டத்தின் பட்டியலில் அடங்குமா என்பதை உரிமையாளர்கள் கடன் பெறும் முன்பே கேட்டறிந்துகொள்வது நலம். எங்கள் கிளை அலுவலர்களும் இதைக் கேட்கத் தொடங்க வேண்டும் என்று இதை எழுதும்போது தோன்றுகிறது.

சிறு தொழிலகத்தாருக்கும் ஒரு சொல். பெரிய டேங்கர்களை விடவும் எங்களுக்குக் கவலை தருவது மினி லாரியில் செல்லும் பத்துப் பதினைந்து அமிலக் கேன்கள்தாம். மேலே ஒரு தார்ப்பாய். அருகே வேறு எவருடைய துணிமூட்டையோ அரிசி மூட்டையோ. பலகையும் இல்லை, அட்டையும் இல்லை. வாடகை சற்றுக் குறைவு என்பதைத் தவிர இதற்கு வேறு காரணமில்லை.

தென்மாநிலங்களின் சமையல் எரிவாயு டேங்கர் தொழிலில் நாமக்கல் உரிமையாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. மங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வாயு ஏற்றி மலைச்சாலைகளில் இரவுநேரம் செல்லும் வண்டிகளில் பலவும் அவர்களுடையவை. ஆகவே மேற்கூறியவை குஜராத்துச் செய்திகள் அல்ல.

சாலையில் செல்லும் நமக்கு

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி அதிகாலை, ஜெய்ப்பூர்-அஜ்மீர் நெடுஞ்சாலையில் பாங்க்ரோட்டா அருகே எரிவாயு டேங்கர் ஒன்றும் சரக்கு லாரி ஒன்றும் மோதிக்கொண்டன. வாயு பரவித் தீப்பற்றியதில் முப்பதுக்கும் மேற்பட்ட வாகனங்கள் எரிந்தன. அவற்றுள் ஒரு பயணியர் பேருந்தும் அடங்கும். விபத்தில் தொடர்பே இல்லாமல் பின்னால் வந்துகொண்டிருந்தவர்கள் பலர் உயிரிழந்தனர்.

எரிவாயு ஏன் இவ்வளவு தொலைவு தாவுகிறது என்பதை அறிந்துகொள்வது பயனுடையது. டேங்கருக்குள் அழுத்தத்தில் திரவமாக இருக்கும் வாயு, வெளியே வந்ததும் ஏறத்தாழ 250 மடங்கு பெருகுகிறது. அது காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிக் கலைந்துபோகாமல் பள்ளங்களையும் சாக்கடைகளையும் தேடிச் செல்லும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதுமானது. அந்தத் தீ வாகனத்தின் எஞ்சினிலிருந்தும், மின்விசைக் குமிழைத் தட்டும்போது எழும் சிறுபொறியிலிருந்தும் பிறக்கலாம். சாலையில் வெண்புகை தவழ்வதைக் கண்டால் அதற்குள் வண்டியைச் செலுத்திக் கடந்துவிட முயல்வது, நின்றுபோன வண்டியை மீண்டும் இயக்குவது, கைப்பேசியில் படம் எடுக்க அருகே செல்வது ஆகிய மூன்றும் வேண்டா. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, காற்று வீசிவரும் திசையை நோக்கி, மேட்டுப்பகுதியாகப் பார்த்துச் செல்ல வேண்டும். தீ சூழ்ந்த தொட்டி கொதித்துப் பிளந்தால் அதன் துண்டுகள் வெகுதொலைவு பறந்து விழும். ஆகவே நூறு அடி ஓடிவிட்டு நின்று திரும்பிப் பார்ப்பது போதாது.

குளோரினும் காற்றைவிடக் கனமானதே, பள்ளத்தில் தங்கும். அங்கும் மேட்டை நாடுவதே வழி. கவிழ்ந்த பெட்ரோல் டேங்கரிடம் குடத்துடன் செல்பவர்களைப் பற்றி என்ன சொல்வதென்று தெரியவில்லை. வறுமையை அறியாதவர்கள் அல்லர் நாங்கள். ஆயினும் ஒரு குடம் பெட்ரோலின் விலையையும் அதைச் சுமந்துவருபவரின் விலையையும் ஒப்பிட மனம் வரவில்லை.

பாதுகாப்பான தொலைவை அடைந்த பின் அழைக்க வேண்டிய எண்கள்: நாடெங்கும் அவசர உதவிக்கு 112, தீயணைப்புக்கு 101, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906. அழைப்பவர் இடத்தைச் சொன்ன பின், இயலுமானால் பலகையில் கண்ட நான்கு இலக்க எண்ணையும் சொல்லட்டும். அந்த எண்ணுக்காகத் திரும்பிச் செல்ல வேண்டா. பின்னால் வரும்போதே படித்து வைத்திருந்தால் மட்டுமே அது பயன்படும். வண்டியோட்டாத பயணி இதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். எங்களுடன் பயணம் செய்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி பரூச்சிலிருந்து சூரத் வரை எண்களை எழுதிக்கொண்டே வந்தாள். 1203 மட்டும் பதினோரு முறை.

தாபாவிலிருந்து கிளம்பும் முன் ஒரு சோதனை செய்து பார்த்தோம். அன்று படிக்க முடிந்த பலகைகளிலிருந்து மூன்று நிபுணர் எண்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அழைத்தோம். முதல் எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் கூறியது. இரண்டாவது எண்ணில் பேசியவர் அந்த நிறுவனத்தை விட்டு விலகி நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டதாகச் சொன்னார். தம் எண் இன்னமும் லாரிகளில் ஓடிக்கொண்டிருப்பதை அறிந்து சற்றுத் திகைத்தும் போனார். மூன்றாவது எண்ணை அழைத்தபோது இரவு ஒன்பதரை மணி. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். நாங்கள் வாய்திறக்கும் முன்பே, "வண்டி எண் என்ன? எந்த இடம்? யாருக்காவது அடிபட்டதா?" என்று இந்தியில் ஒரு குரல் கேட்டது. விபத்து ஏதுமில்லை, எண் வேலை செய்கிறதா என்று பார்க்கவே அழைத்தோம் என்று கூறி மன்னிப்புக் கேட்டோம். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ எந்த லாரியின் பலகையில் அந்த எண்ணைக் கண்டோம், எல்லா இலக்கங்களும் தெளிவாகத் தெரிந்தனவா என்று கேட்டார். கடைசி இலக்கத்தின் மீது சிறிது சேறு இருந்தது என்றோம். வண்டி எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.